கலெர்வோவின் பன்னிரண்டாயிரம் சொற்கள்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. அந்தக் கூட்டம் ஜனவரி முப்பதாம் தேதி நடந்தது என்று நினைக்கிறேன். இருபத்தொன்பதாகவும் இருக்கலாம். சமையலறையில் எட்டுப் பேர் இருந்தார்களா ஒன்பது பேரா என்று கேட்டால், என்னைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் பொறுத்தது. அன்று அதை யாரும் தீர்மானிக்கவில்லை. எங்கள் நலச்சேவை மாவட்டத்தின் பதிவுகளைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று ஒருநாள் உட்கார்ந்தேன். ஏழு கணினி அமைப்புகளில் ஏழு தேதிகள் இருந்தன. அந்த ஏழையும் ஒன்றிணைப்பதற்காக வாங்கிய எட்டாவது அமைப்பில் கூட்டம் நடந்திருக்கவே இல்லை. அதன் பிறகு என் நினைவையே நம்புவது என்று முடிவு செய்தேன்.

ஓர் எண் மட்டும் ஐயமின்றி நினைவிருக்கிறது. பதினொன்று. கலெர்வோவின் சமையலறையில் ஒரு நாளில் பேசப்பட்ட சொற்கள்.

கலெர்வோவுக்கு அப்போது எண்பத்தொரு வயது. ஹிர்விலம்பி ஏரியின் மேற்குக் கரையில், மரம் வெட்டும் தொழிலில் இருந்தபோது தானே கட்டிய வீட்டில் தனியாக இருந்தார். மனைவி இறந்து பத்து வருடம். பிள்ளைகள் இல்லை. நான் வீட்டுப் பராமரிப்புச் செவிலி. காரில் கிராமம் கிராமமாகப் போய் மாத்திரை கொடுப்பதும் காலுறை மாட்டிவிடுவதும் என் வேலை. முன்பெல்லாம் அவர் வீட்டுக்குத் தினமும் போவேன். பிறகு மாவட்டம் அவருக்கு ஒரு மாத்திரை இயந்திரம் கொடுத்தது. நேரமானதும் அது பெண் குரலில் வணக்கம் சொல்லி மாத்திரையைத் தள்ளும். அதனால் என் வருகை வாரத்துக்கு இரண்டாகக் குறைந்தது, வருகைக்குப் பன்னிரண்டு நிமிடம். என் வருகை குறைந்ததால் அவர் தனிமையில் வாடுகிறாரா என்று கண்டறிய இன்னோர் இயந்திரம் தேவைப்பட்டது. அதுதான் இந்தக் கதை.

அவர் தனிமையில் வாடவில்லை என்பது எனக்குத் தெரியும். தினமும் நண்பகல் பன்னிரண்டுக்கு உந்தோ வருவார். ஏரியின் குறுகலான கை ஒன்று இருவர் வீட்டுக்கும் நடுவே கிடக்கிறது; ஜன்னலுக்கு நேர் எதிரே ஜன்னல். கோடையில் படகு, குளிர்காலத்தில் பின்னால் நின்று காலால் உதைத்து ஓட்டும் சறுக்குவண்டி. கதவைத் தட்டமாட்டார். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு வந்து ஜன்னலோர பெஞ்சில் உட்காருவார். நான் அங்கிருந்த நாட்களில் கேட்டது முழுவதையும் இங்கே எழுதிவிடலாம், இடம் பிடிக்காது.

"வந்தியா?"

"வந்தேன்."

"குளிரு."

"ஆமா."

"காபி?"

"ஊத்து."

பிறகு ஒன்றே முக்கால் மணி நேரம் இருவரும் ஏரியைப் பார்ப்பார்கள். பனிமேல் நரி குறுக்கே போனால் ஒருவர் சொல்வார்.

"நரி."

"ஆமா."

இரண்டு மணிக்கு உந்தோ எழுந்திருப்பார்.

"சரி, கிளம்புறேன்."

"சரி."

மொத்தம் பதினொன்று. நரி வராத நாளில் ஒன்பது. இப்படி நாற்பது வருடம். அந்த அறையில் மாத்திரைகளை எண்ணி அடுக்கிக்கொண்டு நிற்கும்போது, வேறெந்த வீட்டிலும் எனக்குக் கிடைக்காத ஓர் அமைதி கிடைக்கும். பன்னிரண்டு நிமிடத்தைப் பதினைந்தாக இழுத்திருக்கிறேன். அதற்காக இருமுறை விளக்கக் கடிதமும் எழுதியிருக்கிறேன்.

நவம்பரில் ஹெல்யா வந்தாள். மாவட்டத்தின் எண்மநலப் பல்துறை ஒருங்கிணைப்புத் தலைவி. கூடவே தரவு நிபுணன் சாமுலி. இருவரும் வாசலில் பூட்ஸைக் கழற்றினார்கள். சாமுலி சோப்புக்கட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியைச் சமையலறைச் சுவரில் ஒட்டினான். அதன் நெற்றியில் சின்ன விளக்கு. பெட்டியின் பெயர் 'கேட்பான்'.

"பயப்படவே வேண்டாம்," என்றான் சாமுலி. "இது எதையும் பதிவு பண்ணாது. என்ன பேசறீங்கன்னு இதுக்குப் புரியாது. யார் பேசறாங்கன்னும் தெரியாது. உங்க அந்தரங்கம் எங்களுக்கு முக்கியம். இந்த ரூம்ல மனுசங்க மாத்தி மாத்திப் பேசற வார்த்தையை எண்ணும், அவ்வளவுதான். எல்லாத்தையும் உங்க பேர்ல போட்டுடும். ரேடியோவைப் போட்டு ஏமாத்தலாம்னு பாத்தா கண்டுபிடிச்சுடும்."

"எதுக்கு?" என்றார் கலெர்வோ.

"நீங்க தனியா இருக்கீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான்," என்றாள் ஹெல்யா.

கலெர்வோ மெதுவாகத் தலையைத் திருப்பி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த உந்தோவைப் பார்த்தார். ஹெல்யாவும் பார்த்தாள்.

"இவரு?"

"உந்தோ."

"தினமும் வருவாரா?"

"ம்."

"ரொம்ப சந்தோசம்," என்று ஹெல்யா உந்தோவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "ஆனா பாருங்க, இவர் வர்றதுக்கு எங்ககிட்ட தரவு எதுவும் இல்லையே."

உந்தோ தன் கையைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

கிளம்பும்முன் ஹெல்யா சமையலறை நடுவில் நின்று ஒரு சிற்றுரை ஆற்றினாள். எங்கள் மாவட்டத்தில் எந்தப் பொருளையும் சுவரில் ஒட்டினால் அதற்கு ஓர் உரை உண்டு. "முன்னாடியெல்லாம் ஒரே ஒரு செவிலி வந்து பாத்துட்டுப் போவாங்க. அவங்களுக்கு என்ன தெரிஞ்சதோ அது அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். இனிமே அப்படி இல்ல. எட்டுத் துறை சேர்ந்து, யாரும் இங்க வராமலே, உங்களை இருபத்து நாலு மணி நேரமும் பாத்துக்கப் போறோம். நீங்க மையத்துல இருக்கீங்க, கலெர்வோ. எங்க வரைபடத்துல நடுவுல ஒரு வட்டம் இருக்கும். அந்த வட்டம் நீங்கதான்."

கலெர்வோ விளக்கைப் பார்த்தார். அது அதற்குள் மஞ்சளாகியிருந்தது.

விதி இதுதான்: நாளுக்கு நானூறு சொல், மாதத்துக்குப் பன்னிரண்டாயிரம். குறைந்தால் சிவப்பு, எட்டினால் பச்சை. தொடர்ந்து மூன்று மாதம் சிவப்பென்றால் அந்த நபர் 'மௌன அபாயத்தில்' இருக்கிறார். நகரத்தில் உள்ள கூட்டு வாழ்விடத்துக்கு மாற்றப்படுவார். நகரம் தொண்ணூற்று நான்கு கிலோமீட்டர். கூட்டு வாழ்விடம் நான்காவது மாடி. அதன் ஜன்னலிலிருந்து அங்காடியின் கார் நிறுத்தம் தெரியும். நடுக்கூடத்தில் 'உரையாடல் மூலை' என்று ஓர் ஆரஞ்சு நிற சோபா.

நவம்பர் சிவப்பு. டிசம்பர் சிவப்பு. டிசம்பரில் நரி நிறைய வந்தும்.

ஜனவரி முதல் வாரம் பல்துறைக் குழு கணினித் திரை வழியே கூடியது. எட்டுப் பேர் எட்டுச் சதுரங்களில். நான் காருக்குள் உட்கார்ந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு துறைக்கும் தனிக் கணினி அமைப்பு. ஒருவருடையதை மற்றவர் திறக்க முடியாது. ஆகவே ஒவ்வொருவரும் தன் திரையில் உள்ளதை உரக்க வாசிக்க, மற்ற ஏழு பேரும் அதைத் தங்கள் தங்கள் அமைப்பில் தட்டச்சு செய்துகொண்டார்கள். இதற்குப் பெயர் ஒருங்கிணைப்பு.

இயன்முறை மருத்துவர் சொன்னார்: "தாடைத் தசை தளர்ந்திருக்கணும். அதான் வாய் திறக்கல. தினம் இருபது முறை தாடைப் பயிற்சி."

"அசை போடுறதே குறைஞ்சிருக்கும்," என்றார் உணவியல் நிபுணர். "புரதம் பத்தாது. பாலாடைக்கட்டி சேர்க்கணும்."

நினைவாற்றல் செவிலி சொன்னார்: "வார்த்தைகளே மறந்திருக்கலாம். செவிலி குறிப்புல பாத்தா 'நரி'ங்கற வார்த்தை மட்டும் மிச்சம் இருக்கற மாதிரி தெரியுது."

மருந்தாளர் வாய் உலர வைக்கும் மாத்திரையைச் சந்தேகித்தார். பேச்சுப் பயிற்சியாளர் தன்னிடம் உள்ள உரையாடல் அட்டைகளைப் பரிந்துரைத்தார். சமூகப் பணியாளர் பெருமூச்சு விட்டார். அவருடைய படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது. சாமுலி பெட்டியை மாற்றலாம் என்றான்.

நான் போனின் ஒலிவாங்கியைத் திறந்தேன். "அவர் அப்படித்தான். எப்பவுமே அப்படித்தான் இருந்திருக்காரு. உந்தோ தினம் வந்து ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டுப் போறாரு. பேசமாட்டாங்க, அவ்வளவுதான்."

சற்று நேரம் மௌனம். நல்ல மௌனம் இல்லை. எட்டுப் பேர் தட்டச்சு செய்யும் மௌனம்.

"ரொம்ப முக்கியமான கவனிப்பு, சைமி," என்றாள் ஹெல்யா. "அதை கவனிப்புக் கட்டத்துல போட்டுடுங்க."

கவனிப்புக் கட்டத்தில் எண்பது எழுத்துகள் வரை எழுதலாம். 'உந்தோ தினமும் வந்து' என்பது வரை எழுதிப் பார்த்தேன். பிறகு காரைக் கிளப்பினேன்.

மறுநாள் கலெர்வோவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஜனவரியும் சிவப்பானால் மாதக் கடைசியில் குழுவே நேரில் வரும், இடமாற்றத் திட்டத்தை அவர் வீட்டில் அவர் காதுபட உரக்க வாசிக்கும், அவர் கையெழுத்திடுவார், பிப்ரவரியில் வண்டி வரும்.

அவர் நெடுநேரம் ஏரியைப் பார்த்தார். நான் என் பன்னிரண்டு நிமிடம் தீர்வதைப் பார்த்தேன்.

"அங்க போனா நான் செத்துருவேன், சைமி," என்றார்.

கோபமோ அழுகையோ குரலில் இல்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் ஒரே மூச்சில் இத்தனை சொல் பேசி நான் கேட்டதில்லை.

"அப்ப பேசுங்க," என்றேன். "உந்தோகூட. பொய்க்காவது. இந்த ஒரு மாசம்."

"என்னத்தப் பேச?"

நான் பேச்சுப் பயிற்சியாளரின் உரையாடல் அட்டைப் பெட்டியை மேசையில் வைத்தேன். நாற்பத்தெட்டு அட்டைகள், ஓரம் மழுங்கியவை.

அடுத்த நாள் உந்தோ வந்ததும் கலெர்வோ விஷயத்தைச் சொன்னாராம். உந்தோ யோசித்துவிட்டு, "எத்தன வார்த்த?" என்று கேட்டாராம். "பன்னெண்டாயிரம்." உந்தோ எழுந்து போய் இன்னொரு கோப்பை காபி ஊற்றிக்கொண்டாராம்.

முதலில் வாசித்துப் பார்த்தார்கள். கலெர்வோ பால் பாக்கெட்டில் அச்சிட்டிருந்ததை வாசிக்க, உந்தோ தன் சட்டைப்பையிலிருந்த சங்கிலி ரம்பத்தின் உத்தரவாத அட்டையை வாசித்தார். ஆளுக்கொரு வரி, மாற்றி மாற்றி. பெட்டி ஏற்றுக்கொண்டது. ஆனால் பால் பாக்கெட் நான்கு நாளில் தீர்ந்துவிட்டது. அடுத்து இருவரும் இறந்தவர்களின் பெயர்களைச் சொன்னார்கள். அதற்கு இரண்டு நாள் ஆயிற்று. பிறகு வேறு வழியில்லாமல் உரையாடல் அட்டைகளை எடுத்தார்கள்.

அட்டைகளில் சில சாதுவானவை. 'உங்களுக்குப் பிடித்த நிறம் எது?' உந்தோ சொன்னார்: "நிறமா? மரக்கலருதான்." 'நீங்கள் ஒரு விலங்கானால் எந்த விலங்கு?' அதைக் கலெர்வோ அடுப்பில் போட்டார். நாளுக்கு இருநூறு, இருநூற்றைம்பது என்று எண் ஏறியது. நான் போகும்போதெல்லாம் விளக்கைப் பார்ப்பேன். இன்னும் சிவப்புதான். ஆனாலும் இருவரும் உழைக்கிறார்கள், குழந்தைகள் பெருக்கல் வாய்ப்பாடு சொல்வதுபோல.

ஜனவரி பதினேழாம் தேதி பத்தொன்பதாவது அட்டை வந்தது. அன்று நான் காலுறை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன், அதனால் இதை நேரில் கேட்டேன். அட்டையில் எழுதியிருந்தது: 'உங்கள் வாழ்வில் மிகப் பெருமையான தருணம் எது?'

"எண்பத்து மூணாம் வருசம்," என்றார் கலெர்வோ. "பெரிய மூஸ் மான்."

"எண்பத்து மூணாம் வருச மூஸ் மான்," என்றார் உந்தோ அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேட்டைக் குழுவில் இருவரும் ஒரே மூஸ் மானைச் சுட்டிருந்தார்கள். ஒரு குண்டுதான் பட்டது. கொம்பு உந்தோ வீட்டுச் சுவரில் இருக்கிறது; ஊருக்கே தெரியும்.

"உனக்கு அதுல என்ன பெருமை?" என்றார் உந்தோ.

"நான்தானே சுட்டேன்."

"நீயா?"

"பின்ன யாரு?"

"கலெர்வோ, கொம்பு யார் வீட்டுல இருக்கு?"

"நான் விட்டுக்குடுத்தேன், அதான் உன் வீட்டுல இருக்கு! அந்த வருசம் உன் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடந்தா. சரி, போகட்டும், அவனுக்கு ஏதோ ஒரு சந்தோசம்னு வாய மூடிக்கிட்டேன்."

"நீ விட்டுக்குடுத்தியா? நான்ல உனக்கு விட்டுக்குடுத்தேன்! நாப்பது வருசமா உன் மூஞ்சியப் பாத்து ஒருவாட்டியாவது சொல்லியிருப்பனா, உன் குண்டு பைன் மரத்துல போய்க் குத்துச்சுன்னு? அந்த ஓட்டைய நானே போய்ப் பாத்தேன்டா!"

"பாத்தியா? எந்த மரம்?"

"வளைஞ்ச மரம்!"

"அது மரங்கொத்தி போட்ட ஓட்டை!"

அதன்பின் நிற்கவில்லை. மூஸ் மானிலிருந்து கடனாய்ப் போன வலைக்கு, வலையிலிருந்து எழுபத்து நாலாம் வருட நடன அரங்குக்கு, அங்கிருந்து கலெர்வோவின் மனைவி முதலில் யாரோடு ஆடினாள் என்பதற்கு. நான் ஒரு காலுறையைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருடமாக ஒவ்வொருவரும் மற்றவருக்காகப் பெருந்தன்மையோடு விழுங்கி வைத்திருந்தது எல்லாம் ஒரு பிற்பகலில் மேசைக்கு வந்தது. சுவரில் விளக்கு ஆனந்தமாக மினுங்கிக்கொண்டிருந்தது.

உந்தோ பூட்ஸை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனார். காலுறையோடு பனியில்.

அன்றைய எண்ணிக்கை இரண்டாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. மாவட்டத்திலேயே அதிகம். மாலையில் குழுவினர் அனைவருக்கும் செய்தி வந்தது, கீழே எட்டுக் கைத்தட்டல் படங்கள். 'வாடிக்கையாளர் திறந்துகொள்கிறார்' என்று எழுதியிருந்தாள் ஹெல்யா.

மறுநாள் உந்தோ வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கலெர்வோ பன்னிரண்டு மணிக்கு இரண்டு கோப்பைகளை எடுத்து வைப்பார், இரண்டு மணிக்கு இரண்டையும் கழுவி வைப்பார். நான் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். எனக்கும் பேச்சு வராது, அவருக்கும் வராது. ஒரு வருகைக்கு நாற்பது சொல் தேறியது, அதில் பாதி மாத்திரையின் பெயர். மாதக் கடைசியில் மொத்தம் நாலாயிரத்து எண்ணூறு. விளக்கு சிவப்பு.

இப்போது அவருக்கு உந்தோவும் இல்லை, வீடும் போகப்போகிறது. இது குழுவின் எந்தத் திரையிலும் வரவில்லை.

முப்பதாம் தேதி காலை பதினொன்றரைக்கு மூன்று கார்களில் குழு வந்தது. வாசலில் எட்டு ஜோடி பூட்ஸ். சமையலறையில் எட்டுப் பேர் கம்பளிக் காலுறையோடு, மடிக்கணினிகளுக்கு மின்சாரம் தேடிக்கொண்டு. கலெர்வோவின் வீட்டில் இருந்தவை இரண்டே பிளக் பாயிண்டுகள். ஒன்றில் மாத்திரை இயந்திரம், மற்றதில் காபி இயந்திரம். பத்து நிமிட விவாதத்துக்குப் பின் மாத்திரை இயந்திரத்தைப் பிடுங்கினார்கள்.

கலெர்வோ எல்லாருக்கும் காபி ஊற்றிக் கொடுத்தார். பிறகு கோட்டை மாட்டினார்.

"எங்க?" என்றாள் ஹெல்யா.

"விறகு," என்றார் கலெர்வோ. வெளியே போனார்.

சமூகப் பணியாளர் திட்டத்தை வாசிக்கத் தொடங்கினார். நாற்பத்தொரு பக்கம். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் மற்ற ஏழு பேரும் தத்தம் துறை சார்ந்து கருத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஏழாம் பக்கத்தில் இயன்முறை மருத்துவருக்கும் உணவியல் நிபுணருக்கும் தாடை யாருடைய துறை என்பதில் தகராறு வந்தது. "அசையறவரைக்கும் என்னோடது," என்றார் முதலாமவர். "அசையறதே சாப்பிடத்தானே!" என்றார் மற்றவர். "பேசறதுக்கும்தான்," என்று பேச்சுப் பயிற்சியாளர் உள்ளே வந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. பதினான்காம் பக்கத்தில், ஓர் இடத்தில் 'வாடிக்கையாளர் தலையசைக்கிறார்' என்று வந்தது. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பெஞ்ச் காலி.

"சைமி, கொஞ்சம் கூட்டிட்டு வாங்க," என்றாள் ஹெல்யா. "அவர் காதுல விழணும். சட்டம்."

விறகுக் கொட்டகையில் அவர் இல்லை. அங்கிருந்து ஏரிப் பனியின்மீது ஒரே வரிசையாகக் காலடித் தடம், எதிர்க்கரைவரை. நின்று தயங்கிய இடம் எதுவும் இல்லை. நான் அதே தடத்தில் நடந்தேன்.

உந்தோ வீட்டுக் கதவும் தட்டத் தேவையில்லாத கதவுதான். இருவரும் ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே காபிக் கெண்டி.

"கலெர்வோ, உங்களக் கூப்பிடறாங்க," என்றேன்.

உந்தோ சற்று நகர்ந்து இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது.

எதிரே, மங்கிய பகலில், கலெர்வோவின் சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் நிறைய மனிதர்கள். வாய்கள் திறந்து மூடின. ஹெல்யா இரு கைகளையும் தூக்கினாள். யாரோ ஒருவர் தன் தாடையைப் பிடித்துக் காட்டினார். சாமுலி எதையோ எண்ணினான். சத்தம் ஒரு துளி இல்லை. முந்நூறு மீட்டர் பனியைத் தாண்டி எதுவும் வராது.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியவில்லை. என் போன் இரண்டுமுறை அதிர்ந்தது. அணைத்துவிட்டேன்.

கடைசியில் உந்தோ கேட்டார். "அங்க யாருடா இந்தப் பேச்சுப் பேசறது?"

கலெர்வோ ஒரு வாய் காபி குடித்துவிட்டுச் சொன்னார்:

"நான்தான்."

உந்தோவின் தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்து முதுகைத் தட்டப் போனேன். இருமல் இல்லை.

கலெர்வோ தெரிந்து செய்தாரா, அல்லது அந்தக் கூட்டத்தைத் தாங்க முடியாமல் கால் போன பக்கம் போனாரா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. உந்தோவிடம் மட்டும் பிறகொருநாள் கேட்டேன். "அன்னிக்கு என்ன சொல்லிக்கிட்டு உள்ள வந்தாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கோப்பை எடுத்தேன்."

நான் திரும்பி வந்தபோது அறையில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். சுவரில் விளக்கு பச்சையாக இருந்தது. சாமுலி தன் திரையை எல்லாருக்கும் திருப்பிக் காட்டினான். பன்னிரண்டாயிரத்து முப்பத்தாறு. அவன் பேசப் பேச அது நாற்பத்தொன்றாயிற்று.

"பச்சைன்னா இடமாத்தம் செல்லாது," என்றார் சமூகப் பணியாளர், இருபத்தாறாம் பக்கத்தில் விரலை வைத்தபடி. வருத்தப்படுவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"செல்ல வேண்டாமே!" என்றாள் ஹெல்யா. அவள் கண் கலங்கியிருந்தது. அதில் பொய் இல்லை, அதை நான் சொல்லத்தான் வேண்டும். "இதுக்காகத்தானே பாடுபட்டோம்? ஒரு மாசத்துல முந்நூறுலேர்ந்து பன்னெண்டாயிரம்! ஒரு மனுசன் இத்தனை நாள் உள்ள பூட்டி வச்சிருந்ததெல்லாம் இன்னிக்குக் கொட்டிட்டாரு. எப்படி நடந்துச்சு? நாம கேட்டோம். நம்ம எட்டுப் பேரும் வாயை மூடிக்கிட்டு அந்த மனுசன் பேசறதைக் காது குடுத்துக் கேட்டோம். அதான் நடந்துச்சு!"

"தாடைப் பயிற்சி வேலை செய்யும்னு சொன்னேன்ல," என்றார் இயன்முறை மருத்துவர்.

"பாலாடைக்கட்டி," என்றார் உணவியல் நிபுணர்.

மருந்தாளர், மாத்திரை இயந்திரம் பிடுங்கப்பட்டுக் கிடப்பதைப் பார்த்து, நண்பகல் மாத்திரையை நிறுத்தியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று குறித்துக்கொண்டார்.

அப்போது ஹெல்யாவுக்கு என் நினைவு வந்தது. "அவர் எங்க?"

"வெளியில," என்றேன். "பக்கத்து வீட்டுக்காரரோட."

"பாருங்க!" என்று அவள் குழுவைப் பார்த்துத் திரும்பினாள். "பேச ஆரம்பிச்சவருக்கு நிறுத்த முடியல."

இவ்வளவு நல்ல பலன் தந்த முறையை ஒரே தடவையோடு விடக்கூடாது என்று அன்றே தீர்மானம் ஆயிற்று. ஒவ்வொரு மாதமும் கடைசி வியாழக்கிழமை குழு கலெர்வோவின் சமையலறையில் கூடும். மாவட்டத்தின் மற்ற வாடிக்கையாளர்களைப் பற்றியும் அங்கேயே பேசும். தீர்மானத்துக்கு எட்டுப் பேரும் கையெழுத்திட்டார்கள். கலெர்வோவின் கையெழுத்துக்கான கோட்டில் 'கேட்கப்பட்டார்' என்று ஹெல்யா எழுதினாள்.

என் கவனிப்புக் கட்டத்தில் எழுதினேன்: 'வாடிக்கையாளர் நலம்.' அறுபதுக்கு மேல் எழுத்துகள் மிச்சம் இருந்தன.

ஹெல்யா இரண்டு வருடத்தில் பதவி உயர்ந்து ஹெல்சிங்கிக்குப் போனாள். 'ஹிர்விலம்பி முறை' பற்றி ஊர் ஊராகப் பேசுகிறாள். சாமுலி இப்போது சிரிப்பை எண்ணும் பெட்டி செய்கிறான். இயன்முறை மருத்துவரும் உணவியல் நிபுணரும் தாடை வழக்கை மாவட்டக் குழுவரை கொண்டுபோய், கடைசியில் பல் மருத்துவத் துறையிடம் இழந்தார்கள். சமூகப் பணியாளர் வேலையை விட்டு ஒரு பேக்கரியில் சேர்ந்தார்; பார்க்கும்போதெல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார். மற்றவர்கள் அதே வேலையில் இருக்கிறார்கள். கணினி அமைப்புகள் இப்போது ஒன்பது.

கலெர்வோ இன்னும் நான்கு வருடம் தன் வீட்டிலேயே இருந்தார். கடைசி வியாழக்கிழமைகளில் மட்டும் உந்தோ வீட்டுக்குப் போவார். மற்ற நாட்களில் உந்தோ இங்கே வருவார். ஓர் ஏப்ரல் நண்பகலில், கலெர்வோ ஜன்னலோர பெஞ்சிலேயே இறந்தார். உந்தோ இரண்டு மணிவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, அதன் பிறகே எனக்குப் போன் செய்தார். இறப்புச் செய்தி எட்டு அமைப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தது, ஒன்பதாவதற்குப் போகவில்லை. அதனால் அந்தச் சமையலறையில் மேலும் இரண்டு கூட்டங்கள் நடந்தன. இரண்டு மாதமும் பச்சை.

உந்தோ இருக்கிறார். எண்பத்தைந்து வயது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு அவர் வீட்டுக்குப் போகிறேன், இரண்டு மணிக்குத் திரும்புகிறேன்.